சதுர அடிக் கணக்கில் ஸ்ட்ரக்சுரல் டிசைன்: கொடுக்கிற காசுக்கு என்ன கிடைக்கிறது?

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் தனி வீடு கட்டுகிறவர்களுக்கு இப்போது சுலபமாகக் கிடைக்கும் சேவை ஸ்ட்ரக்சுரல் டிசைன், அதாவது அஸ்திவாரம், பில்லர், பீம், ஸ்லாப் எல்லாம் சுமையைத் தாங்குவதற்கான அளவையும் கம்பியையும் கணக்குப் போட்டுத் தருவது. ஆர்க்கிடெக்ட் போட்ட பிளானை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். ஃபூட்டிங்கில் (பில்லருக்கு அடியில் வரும் அஸ்திவாரத் தளம்) தொடங்கி மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி வரை கம்பி விவரத்தோடு பி.டி.எஃப். வந்துவிடும். கட்டணம் மொத்தக் கட்டடத்தின் சதுர அடிக்கு இவ்வளவு என்று. தனியாக எந்த நிறுவனத்தையும் இங்கே எடைபோடவில்லை. இந்த வகைப் பேக்கேஜ்களில் பொதுவாக என்ன நன்றாக இருக்கிறது, எங்கே ஓட்டை விழுகிறது என்பதுதான் பேச்சு.

கணக்கு சொல்ல ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். ஒரு கிரவுண்டு மனை, தரைத்தளமும் மேலே இரண்டு மாடியும், தளத்துக்கு 1,000 சதுர அடி, மொத்தம் 3,000. பில்லர் 12. கம்பி கிலோ 65 ரூபாய், கான்கிரீட் கனமீட்டர் 6,500 ரூபாய் என்று வைக்கிறோம். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்தாலும் முடிவு பெரிதாக மாறாது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். டிராயிங்கின் தரம் முன்பைவிட நன்றாகவே இருக்கிறது. சென்டர் லைன் அளவுகள் கூட்டினால் சரியாக வருகின்றன. ஃபூட்டிங், பில்லர், பீம் ஒவ்வொன்றுக்கும் தனி ஷெட்யூல், மாடிப்படிக்குத் தனி வெட்டுப்படம், எந்தக் கம்பியை எந்த நீளத்தில் வெட்டி எப்படி வளைப்பது என்ற பட்டியல் (பார் பெண்டிங் ஷெட்யூல்) எல்லாம் உண்டு. பார் பெண்டிங் ஷெட்யூல் கையில் இருந்தால் கம்பி வாங்குவதிலும் துண்டு விழுவதிலும் மிச்சமாகிற பணமே பேக்கேஜ் கட்டணத்தில் ஒரு பகுதியை ஈடுகட்டும். மேஸ்திரி மனக்கணக்கில் போடும் கம்பியோடு ஒப்பிட்டால் எந்தப் பேக்கேஜும் மேல்தான். அதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

சிக்கல் மண்ணில் தொடங்குகிறது. பெரும்பாலான பேக்கேஜில் சாயில் டெஸ்ட் சேராது. ரிப்போர்ட் அனுப்பாவிட்டால், டிராயிங்கின் மூலையில் 'எஸ்.பி.சி. 15 டன்/ச.மீ. எனக் கொள்ளப்பட்டது' என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும் (எஸ்.பி.சி. என்பது ஒரு சதுர மீட்டர் மண் பாதுகாப்பாகத் தாங்கும் சுமை). அதன் மேல்தான் முழு வீடும் உட்காருகிறது. பள்ளிக்கரணைப் பக்கம் சதுப்பு நிலக் களிமண், பெசன்ட் நகரில் கடல் மணல், பல்லாவரத்தில் சில அடி தோண்டினாலே பாறை. இந்த மூன்றுக்கும் ஒரே எண்ணைப் போடுவது டிசைன் ஆகாது.

நடு பில்லர் ஒன்றில் சுமை 40 டன், ஃபூட்டிங்கின் எடைக்காக 10 சதவீதம் சேர்த்து 44 டன் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணைப் பார்க்காமல் பயந்து 10 டன் என்று போட்டால் 4.4 ச.மீ. வேண்டும், அதாவது 2.1 மீட்டருக்கு 2.1 மீட்டர். டெஸ்ட் செய்து 18 டன் என்று தெரிந்தால் 1.6-க்கு 1.6 போதும். கனத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு ஃபூட்டிங்குக்குச் சுமார் 1 கனமீட்டர் கான்கிரீட் மிச்சம். 12 பில்லரில் ஆறுக்குத்தான் இந்தச் சுமை என்றாலும் கான்கிரீட்டில் மட்டும் 35,000 ரூபாய்க்கு மேல். கம்பியும் தோண்டும் கூலியும் தனி. மறுபக்கம், 15 என்று எழுதிய இடத்தில் உண்மையில் 6 டன்தான் இருந்தால் பூச்சு வேலை முடிந்த பிறகு சுவரில் சாய்வாக விரிசல் ஓடும். அப்போது அஸ்திவாரத்தைத் தாங்கிப் பிடிக்கும் செலவு லட்சங்களில் போகும். இரண்டு இடத்தில் துளை (போர்) போட்டு, மண்ணின் உறுதியைச் சுத்தியல் அடியால் அளக்கும் எஸ்.பி.டி. சோதனை பார்க்கும் செலவு இந்த இரண்டு தொகைகளுக்கும் பக்கத்திலேயே வராது. மொத்த வீட்டிலும் செலவையும் ஆபத்தையும் ஒருசேரக் குறைக்கிற பொருள் என்றால் முதலில் இந்த ரிப்போர்ட்தான்.

டெஸ்ட் எந்த மாதத்தில் எடுத்தார்கள் என்பதையும் பாருங்கள். மணல் பூமியில் நிலத்தடி நீர் ஃபூட்டிங் மட்டத்துக்கு ஏறினால் தாங்குதிறன் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். மே மாதம் காய்ந்த குழியில் எடுத்த எண்ணை அப்படியே நம்பாமல், ஐப்பசி மழையில் நீர்மட்டம் எங்கே நிற்கும் என்பதையும் கணக்கில் கொண்டு ரிப்போர்ட் எழுதியிருக்க வேண்டும். களிமண் என்றால் ஃப்ரீ ஸ்வெல் இண்டெக்ஸ் (ஈரத்தில் மண் எவ்வளவு உப்பும் என்ற அளவு) கேளுங்கள். அதிகமாக வந்தால் தனித்தனி ஃபூட்டிங்கை விட்டுவிட்டு அண்டர்ரீம்டு பைல் (அடியில் குமிழ்போல் விரிந்த ஆழமான கான்கிரீட் தூண்) பற்றிப் பேச வேண்டிவரும்.

அடுத்தது விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது: 'சதுர அடிக்கு 3.2 கிலோ கம்பிதான்'. இந்த அளவு வீட்டுக்குச் சதுர அடிக்கு 4 கிலோ அளவில் வருவது வழக்கம். 0.8 கிலோ குறைந்தால் 3,000 சதுர அடிக்கு 2.4 டன், அதாவது 1,56,000 ரூபாய். ஆசை வரத்தான் செய்யும். நேர்மையாகவும் குறைக்க முடியும். 9 அங்குலச் செங்கல் சுவர் 2.7 மீட்டர் உயரத்தில் மீட்டருக்குச் சுமார் 1.25 டன் எடை. அதையே எடை குறைந்த ஏ.ஏ.சி. பிளாக்காக மாற்றினால் சுவரின் எடை பூச்சு நீங்கலாக மூன்றில் ஒரு பங்காகிறது. பீம், பில்லர், ஃபூட்டிங் எல்லாமே இளைக்கும். பில்லரை ஒழுங்கான வரிசையில் வைத்து, பீமின் நீளம் 4 மீட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டாலும் குறையும். ஆனால் பிளானையும் சுவரையும் தொடாமல் கம்பி மட்டும் குறைந்திருந்தால், எங்கிருந்து குறைந்தது என்று கேட்டே ஆக வேண்டும்.

பெரும்பாலும் நிலநடுக்கக் கணக்கிலிருந்து. இந்தியத் தர விதிநூலான ஐ.எஸ். 1893:2016-ன் நிலநடுக்க வரைபடத்தில் சென்னையும் கோவையும் மண்டலம் 3. அந்த மண்டலத்தில் ஐ.எஸ். 13920:2016 சொல்லும் கம்பி அமைப்பு கட்டாயம். 'சின்ன வீடுதானே' என்று இதை விட்டுவிடும் டிராயிங்கைப் பார்த்தவுடன் அடையாளம் காண ஓர் இடம் இருக்கிறது: பில்லரின் ரிங், அதாவது நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம். மேலிருந்து கீழ்வரை '8 மி.மீ. @ 150' (150 மி.மீ.க்கு ஒரு ரிங்) என்று ஒரே வரி எழுதியிருந்தால் நிலநடுக்கத்துக்கான அமைப்பு அதில் இல்லை. 300 மி.மீ. சதுரப் பில்லரில், பீமோடு சேரும் இரு முனைகளிலும் குறைந்தது 450 மி.மீ. நீளத்துக்கு ரிங் இடைவெளி 75 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. பில்லர் அகலத்தில் நாலில் ஒரு பங்கு, நெடுக்குக் கம்பி விட்டத்தின் 6 மடங்கு, 100 மி.மீ. ஆகிய மூன்றில் எது குறைவோ அது. ரிங்கின் கொக்கி 135 டிகிரி உள்ளே மடங்கி, 65 மி.மீ. வால் விட்டிருக்க வேண்டும். தளத்தில் சாதாரணமாகப் பார்ப்பது 90 டிகிரியில் மடக்கி விட்ட ரிங். ஆட்டம் வந்து கம்பியை மூடியிருக்கும் கவர் கான்கிரீட் உதிர்ந்ததும் அந்தக் கொக்கி விரிந்துவிடும். உள்ளே இருக்கும் கான்கிரீட்டையும் கம்பியையும் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது.

இதற்கு எவ்வளவு செலவு? ஒரு பில்லருக்கு ஒரு மாடியில் கூடுதலாக 6 ரிங். ஒரு ரிங் சுமார் 410 கிராம். 12 பில்லர், 3 மாடி என்றால் 90 கிலோவுக்குள். 6,000 ரூபாய்கூட ஆகாது. மொத்தக் கட்டடத்திலும் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் பாதுகாப்பு வேறொன்று இல்லை. இதை வெட்டித்தான் ஒரு பேக்கேஜ் 'சிக்கனம்' காட்டுகிறது என்றால் அதை வாங்காதீர்கள்.

பில்லர் அளவும் அப்படித்தான். சுவர் 9 அங்குலம் என்பதால் பில்லரும் 230 மி.மீ. அகலத்தில் சுவருக்குள் மறைய வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்பார், டிசைனரும் 9-க்கு 12 என்று போட்டுவிடுவார். நேர்க்கீழ்ச் சுமைக்கு அது போதும்தான். எம்20 தரக் கான்கிரீட்டில் 12 மி.மீ. கம்பி ஆறு போட்டால் 77 டன் வரை கணக்கு வருகிறது, தேவையோ 40-ஐ 1.5 ஆல் பெருக்கி 60. ஆனால் 13920 சொல்வது குறைந்தது 300 மி.மீ. பீமில் 16 மி.மீ. கம்பி அந்தப் பில்லர் வழியாகப் போனால் கம்பி விட்டத்தின் 20 மடங்கு, அதாவது 320. பீமுக்கு 12 மி.மீ. கம்பியாகப் பிரித்துப் போட்டால் 300-லேயே நிறுத்திக்கொள்ளலாம். இந்தச் சூட்சுமத்தைக் கவனித்துக் கம்பி தேர்ந்தெடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள், டிசைனரின் தரம் தெரிந்துவிடும். 230-ஐ 300 ஆக்கினால் மெலிந்த திசையில் விறைப்பு 2.2 மடங்காகிறது. கூடுதல் செலவு, கான்கிரீட் 2.65 கனமீட்டரும் 16 மி.மீ. நாலு கம்பிக்கு மாறுவதால் 125 கிலோ கம்பியும் சேர்த்து 25,000 ரூபாய். பூச்சையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் அறைக்குள் மூன்று அங்குலத்துக்குள்தான் துருத்தும். அலமாரி வரும் மூலையில் அதைத் தள்ளிவிடலாம்.

இதே பேக்கேஜ்கள் வேறு இடங்களில் கம்பியை வாரி இறைக்கின்றன. பீமில் கேட்டதற்கு மேல் இரண்டு கம்பி, 3 மீட்டர் அறைக்கு 150 மி.மீ. ஸ்லாப். மேஸ்திரியும் தன் பங்குக்கு 'இன்னும் ரெண்டு கம்பி போட்டா ஸ்ட்ராங்கா இருக்கும் சார்' என்பார். பீமை மட்டும் பலமாக்கினால் நிலநடுக்கத்தில் முதலில் முறிவது பில்லராகிவிடும். 13920 பில்லரைப் பீமைவிட 1.4 மடங்கு பலமாக வைக்கச் சொல்வது இதற்காகத்தான். பீம் வளைந்தால் வீடு தொங்கிக்கொண்டாவது நிற்கும், ஆட்கள் வெளியே வர நேரம் கிடைக்கும். பில்லர் போனால் மாடியே உட்கார்ந்துவிடும். தவிர, பீமும் பில்லரும் சேரும் இடத்தில் கம்பி நெருக்கமானால் 20 மி.மீ. ஜல்லி உள்ளே இறங்காது, வைப்ரேட்டர் ஊசி நுழையாது. சென்ட்ரிங் பிரித்ததும் அங்கே தேன்கூடு மாதிரி பொந்து தெரியும். கூடுதலாகக் கொடுத்த காசுக்குக் குறைந்த பலம் வாங்கினதுதான் மிச்சம்.

ஸ்டில்ட் பார்க்கிங் கேட்டவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மேலே சுவர் நிறைந்த மாடிகள், கீழே சுவரே இல்லாத பில்லர்கள். 2001 ஜனவரி 26-ல் பூஜ் நிலநடுக்கம் வந்தபோது அகமதாபாத்தில் இப்படிக் கட்டிய அடுக்குமாடிகள் பல விழுந்தன. ஸ்டில்ட் உள்ள பிளானுக்கும் இல்லாத பிளானுக்கும் ஒரே பில்லர் ஷெட்யூல் வந்தால் டிராயிங்கைத் திருப்பி அனுப்புங்கள். லிஃப்ட் குழியைச் சுற்றியோ இரு திசையிலும் தேர்ந்த இடங்களிலோ கான்கிரீட் சுவர் இருக்கிறதா என்று பாருங்கள்.

கான்கிரீட் தரத்தைப் பற்றிப் பேக்கேஜ்கள் ஒரு வரியோடு நின்றுவிடுகின்றன: 'எம்20'. இந்த எண்ணுக்குள் இருக்கும் நிச்சயமின்மையை வீட்டுக்காரருக்கு யாரும் விளக்குவதில்லை. எம்20 என்றால் 100 சோதனையில் 5-க்கு மேல் சதுர மி.மீ.க்கு 20 நியூட்டனுக்குக் கீழே இறங்கக் கூடாது. அதற்குச் சராசரி 20 போதாது. சோதனை முடிவுகளின் சிதறல் 4 நியூட்டன் என்றால் சராசரி 20 + 1.65 × 4 = 26.6 வர வேண்டும். தளத்தில் சட்டியால் அளந்து, எம்-சாண்டின் ஈரத்தைப் பார்க்காமல் தண்ணீர் ஊற்றினால் சிதறல் 7 ஆகலாம். அப்போது அதே எம்20-க்குச் சராசரி 31.6 வேண்டும். அந்த வித்தியாசம் முழுவதும் சிமெண்ட் செலவு. அளவில் ஒழுங்கு இருந்தால் சிமெண்ட் மிச்சம், ஒழுங்கில்லாவிட்டால் சிமெண்டைக் கொட்டித்தான் அதே பாதுகாப்பை வாங்க முடியும்.

எங்கள் பரிந்துரை எம்25. கனமீட்டருக்கு 300 ரூபாய் கூடினாலும் 90 கனமீட்டருக்கு 27,000. அதில் ஒரு பகுதி கம்பியில் திரும்பி வரும். எஃப்இ 500 தரக் கம்பி எம்20-ல் பிடித்து நிற்க விட்டத்தின் 57 மடங்கு நீளம் தேவை, எம்25-ல் 49 போதும். டிராயிங்கில் '50 டி லேப்' (இரண்டு கம்பிகளை இணைக்கும்போது விட்டத்தின் 50 மடங்கு நீளம் சேர்ந்து போவது) என்று பொதுவாக எழுதி, கான்கிரீட்டை எம்20 என்று போட்டிருந்தால் பீமிலும் ஸ்லாபிலும் அது குறைவு. கடற்கரைக் காற்று நேரடியாகப் படும் இடத்தில் எம்25-ம் போதாது. ஐ.எஸ். 456:2000 அங்கே எம்30-ம் 45 மி.மீ. கவரும் கேட்கிறது. திருவான்மியூருக்கும் தாம்பரத்துக்கும் ஒரே 'பொதுக் குறிப்புகள்' தாள் வருவது இந்தப் பேக்கேஜ்களின் பெரிய சோம்பேறித்தனம்.

கம்பி வாங்கும்போது எஃப்இ 500டி என்று டிராயிங்கில் 'டி' இருக்க வேண்டும். சாதாரண 500-ன் நீட்சி 12 சதவீதம், டி-க்கு 16. முறியும் முன் வளைந்து கொடுப்பது அந்த நீட்சிதான். லாரி வந்ததும் ஒரு மீட்டர் துண்டுகளை எடை போட்டுப் பாருங்கள். 8 மி.மீ. 395 கிராம், 12 மி.மீ. 888 கிராம், 16 மி.மீ. 1.58 கிலோ. ஐ.எஸ். 1786 சராசரியில் 10 மி.மீ. வரை 7 சதவீதமும், 12-க்கும் 16-க்கும் 5 சதவீதமும் முன்பின் அனுமதிக்கிறது. அதற்கும் கீழே போனால் டிசைனில் எண்ணிய கம்பி உங்கள் வீட்டில் இல்லை.

இனி இந்தச் சேவையின் மிகப் பெரிய குறைக்கு வருவோம்: தளத்துக்கு யாரும் வருவதில்லை. 1.5, 1.15 என்று விதிநூல் வைக்கும் கெழுக்கள் சுமையிலும் பொருளிலும் இயல்பாக வரும் ஏற்ற இறக்கத்துக்கானவை. ஐரோப்பிய விதி சாதாரணக் கட்டடத்துக்கு 50 ஆண்டில் 3.8 என்ற நம்பகக் குறியீட்டை இலக்காக வைக்கிறது, அதாவது லட்சத்தில் ஏழு என்ற அளவில் தோல்வி வாய்ப்பு. அந்தக் கணக்கு எல்லாமே டிராயிங்கில் இருப்பது தளத்திலும் இருக்கும் என்று எடுத்துக்கொண்டுதான். கம்பியைத் தலைகீழாகப் போட்டால் எந்தக் கெழுவும் காப்பாற்றாது.

பால்கனியைப் பாருங்கள். 1.2 மீட்டர் வெளியே நீண்ட ஸ்லாப், 125 மி.மீ. கனம். கம்பி மேலே இருக்க வேண்டும். 20 மி.மீ. கவரும் கம்பியின் பாதியும் போக, கீழிருந்து 100 மி.மீ. உயரத்தில் அது நிற்கும். கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்து 30 மி.மீ. இறங்கினால் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். டிராயிங்கும் சரி, கம்பியும் சரி, சிமெண்டும் சரி, ஆனால் பால்கனி தொங்கும். மீட்டருக்கு ஒன்றாகச் 'சேர்' கம்பி (மேல் கம்பியைத் தாங்கும் நாற்காலி வடிவக் கம்பி) வைத்து, மேலே பலகை போட்டு அதில் நடந்தால் தீர்ந்தது. சில நூறு ரூபாய் வேலை. ஆனால் கான்கிரீட் போடும் முன் யாராவது குனிந்து டேப் வைத்து அளக்க வேண்டும். அந்த ஆள் பேக்கேஜில் இல்லை.

பிளாண்டிலேயே கலந்து வரும் ஆர்.எம்.சி. கான்கிரீட் லாரியிலும் இதே கதை. கலவை கெட்டியாக இருக்கிறது என்று ஓட்டுநரிடம் சொல்லித் தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள். 320 கிலோ சிமெண்டுக்கு 160 லிட்டர் தண்ணீர் இருந்த இடத்தில் கனமீட்டருக்கு 20 லிட்டர் கூடினால் நீர்-சிமெண்ட் விகிதம் 0.50-லிருந்து 0.56 ஆகிறது. தோராயமாக 5 நியூட்டன் போயிற்று. எம்25-க்குக் காசு கொடுத்து எம்20 வாங்கியாகிவிட்டது. இளக்கம் வேண்டுமென்றால் பிளாண்டிலேயே அட்மிக்சர் (கலவையை இளக்கும் ரசாயனம்) கேட்டு ஆர்டர் கொடுக்க வேண்டும். தண்ணீர் ஊற்றினார்களா என்பதைக் கியூப் (சோதனைக்காக வார்க்கும் கான்கிரீட் கனசதுரம்) காட்டிக்கொடுக்கும், ஆனால் லாரியில் தண்ணீர் சேர்ந்த பிறகு எடுத்த கியூபாக இருந்தால்தான். 15 கனமீட்டர் ஸ்லாபுக்கு இரண்டு சாம்பிள், சாம்பிளுக்கு மூன்று கியூப், 28 நாளில் உடைத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே பேக்கேஜ் வாங்குகிறவர்கள் கட்டணத்தை இரண்டாகப் பிரித்துப் பேசுங்கள். டிராயிங்குக்கு ஒரு தொகை, தள வருகைக்குத் தனியாக ஒரு தொகை. குறைந்தபட்சம் குழி தோண்டி மண் தெரியும் நாள், ஃபூட்டிங் கம்பியும் பில்லர் ஸ்டார்ட்டரும் (பில்லரின் அடிப்பகுதி) நின்ற நாள், பிளின்த் பீம் (தரைமட்ட பீம்), பிறகு ஒவ்வொரு ஸ்லாபும் கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள். அவர்களால் வர முடியாவிட்டால் உள்ளூர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரை அந்த நாட்களுக்கு மட்டும் அமர்த்தலாம். 'சதுர அடிக்கு மிகக் குறைவு' என்று வருகிற விலையில் இந்த வருகைகளும் சாயில் டெஸ்டும் இருக்காது. இரண்டையும் சேர்த்த பிறகு ஒப்பிட்டால், பக்கத்துத் தெரு கன்சல்டன்ட் கேட்கும் தொகை அதிகமாகத் தெரியாது.

பின்னால் இன்னொரு மாடி கட்டும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். ஃபூட்டிங்கையும் பில்லரையும் நாலு தளத்துக்கு டிசைன் செய்து வைப்பது இன்று சின்னக் கூடுதல். நாளை பில்லரைச் சுற்றிப் புதுக் கம்பியும் கான்கிரீட்டும் சேர்த்து ஜாக்கெட்டிங் போடுவது வீட்டைக் காலி செய்துவிட்டுச் செய்யும் வேலை. மொட்டைமாடியில் விட்டுவைக்கும் பில்லர் கம்பிக்குச் சிமெண்ட் பால் பூசி, மேலே இளங்கலவைக் கான்கிரீட் போட்டு மூடச் சொல்லும் குறிப்பு டிராயிங்கில் இருக்க வேண்டும். எத்தனை தளத்துக்கு, எந்த எஸ்.பி.சி.க்கு, எந்தக் கான்கிரீட், கம்பி தரத்துக்கு, எத்தனை லிட்டர் தொட்டிக்கு டிசைன் செய்தது என்ற நாலு வரியும் முதல் தாளிலேயே கையெழுத்தோடு இருக்க வேண்டும். அவை வரும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.